உப்புத் தண்ணி ஊரில் எஸ்பிரசோ மெஷின்: அடுத்த காசை எதில் போடுவது?

துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்ததாக இருக்கலாம், ஆன்லைன் தள்ளுபடியில் வாங்கியதாக இருக்கலாம், ராமநாதபுரம் மாவட்டத்தில் கீழக்கரையிலிருந்து தங்கச்சிமடம் வரை இப்போது அங்கங்கே வீட்டுச் சமையலறையில் ஒரு சின்ன எஸ்பிரசோ மெஷின் உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் டெலோங்கி டெடிகா, இல்லையென்றால் அதன் சாயலில் வேறொன்று. முதல் மாதம் ஜோராகப் போகும். அப்புறம் யூட்யூபில் யாரோ அடியில்லாத போர்ட்டாஃபில்டரிலிருந்து (தூளைத் தாங்கி மெஷினில் மாட்டும் கைப்பிடி அது) காபி ஒற்றைக் கம்பியாக இறங்குவதைக் காட்டுவார், கை அரிக்க ஆரம்பிக்கும், கார்ட்டில் ஏழெட்டு சாமான் சேர்ந்துவிடும்.

அந்த வீடியோ போடுகிறவர் வீட்டுக் குழாயில் வருவது நல்ல தண்ணி. நமக்கு அப்படியில்லை. அதனால் அவர் சொல்லும் வரிசை நமக்குச் சரிவராது. என் கணக்கில் முதலில் தண்ணீர், கூடவே ஒரு சின்னத் தராசு, அடுத்து கிரைண்டர், அதற்கும் அடுத்துதான் போர்ட்டாஃபில்டரும், அதற்குள் தூள் போடும் சல்லடைக் கிண்ணமான பாஸ்கெட்டும். ஊசி, வளையம், சல்லடை வகையறா எல்லாம் காசு மிஞ்சினால். ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தண்ணீரில் நமக்கு நாலு வழி இருக்கிறது: போர் தண்ணி, குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர், கேன் அல்லது வீட்டு ஆர்.ஓ. தண்ணீர், சாஃப்ட்னர் வகை வடிகட்டி. போரைப் பற்றிப் பேசவே வேண்டாம். கடலோரத்தில் கடினத்தன்மை, உப்பு இரண்டும் சேர்ந்தே வருகின்றன, டெடிகா மாதிரி மெஷினில் தண்ணீரைச் சுடவைக்கும் தெர்மோபிளாக்கின் குழாய்ப்பாதையோ மிகக் குறுகலானது, சுண்ணாம்பு அதில் படிந்தால் முதலில் சூடு குறையும், அப்புறம் ஓட்டம் குறையும், கடைசியில் பம்ப் மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். இந்திய தரநிலைப்படி குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை போகலாம். குடிக்கிற மனிதனுக்கு அது சரி. மெஷினுக்கு 200 என்பதே அதிகம்.

இந்த இடத்தில்தான் நிறைய பேர் சாஃப்ட்னர் பக்கம் போகிறார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் ஜக் வடிகட்டியும் தொட்டியில் போடும் சின்னப் பையும் பிரமாதமாகத் தெரியும், ஏனென்றால் அங்கே பிரச்சினை சுண்ணாம்பு மட்டும்தான். இந்த வகை வடிகட்டி கால்சியத்தை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியம் மாதிரி வேறொன்றை விடும், உப்பில் இருக்கும் குளோரைடு அப்படியேதான் இருக்கும், துருப்பிடிக்காத ஸ்டீலிலும் புள்ளி புள்ளியாகக் குழி விழவைப்பது அந்த குளோரைடுதான். ஆக நம் போர் தண்ணிக்கு சாஃப்ட்னர் தண்டச் செலவு. நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்க ஆலை வைத்த மாவட்டம் இது, ஆர்.ஓ. என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆர்.ஓ., கேன் இரண்டும் மெஷினுக்குப் பாதுகாப்பு. ருசிக்கு? வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் எடுத்த காபி தட்டையாகவும், வறுவல் இளசாக இருந்தால் புளிப்பு தூக்கலாகவும் இருக்கும். இதற்குப் பல வருடமாகப் புழங்கும் வழி ஒன்று உண்டு: உணவுத் தரப் பொட்டாசியம் பைகார்பனேட், லிட்டருக்கு 0.1 கிராம். நம் 20 லிட்டர் கேனுக்கு 2 கிராம், அவ்வளவுதான். கால்சியம் மிகக் குறைவு என்பதால் படிவதற்கும் அதிகம் இல்லை, புளிப்பும் அடங்கும். சமையல் சோடா இது இல்லை, கடையில் கேட்கும்போது கவனம். அது தொந்தரவு என்றால் ஆர்.ஓ. முக்கால், காவிரித் தண்ணீர் கால் என்று கலந்துகொள்ளலாம், ஆனால் காவிரி வராத நாளில் தெருக்குழாயில் போர் தண்ணியைக் கலந்து விடுகிற ஊர்களில் இந்தக் கலவையை நம்ப முடியாது. டி.டி.எஸ். மீட்டர் வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்றால், அது கரைந்திருப்பதின் மொத்தத்தைத்தான் காட்டும், அதில் உப்பு எவ்வளவு சுண்ணாம்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. மெஷின் பெட்டிக்குள் ஒரு கடினத்தன்மைச் சோதனைத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் தண்ணீரில் முக்கி எடுத்துப் பாருங்கள்.

வினிகர் ஊற்றிச் சுத்தம் செய்யலாம் என்று சொல்கிறவர்களைக் கேட்காதீர்கள், ரப்பர் வளையங்களுக்கு ஆகாது, வாடையும் போகாது. கம்பெனி சொல்லும் கரைசலையே வாங்குங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினால் அது எப்போதாவதுதான் தேவைப்படும்.

சரி, தராசு. 0.1 கிராம் காட்டுகிற பாக்கெட் தராசு இந்தப் பட்டியலிலேயே மலிவான சாமான்களில் ஒன்று, ஆனால் அது இல்லாமல் மற்றது எதுவும் உருப்படாது. எத்தனை கிராம் தூள் போட்டோம், எத்தனை கிராம் காபி இறங்கியது, எத்தனை நொடி ஆனது, இந்த மூன்றும் தெரியாமல் கிரைண்டரைத் திருகிக்கொண்டே இருந்தால் ஒரு கிலோ கொட்டையும் சிங்க்கில்தான் போகும். மேலே சொன்ன 2 கிராம் பைகார்பனேட்டையும் அதிலேயே அளந்துகொள்ளலாம்.

இனி உண்மையான போட்டி: கிரைண்டரா, பாஸ்கெட்டா?

இந்த மெஷின்களோடு வருவது அழுத்த பாஸ்கெட், இரட்டை அடி வைத்தது. உள் அடியில் சல்லடை மாதிரி துளைகள், வெளி அடியில் ஒரே ஒரு ஊசித்துளை. தூள் எப்படி இருந்தாலும் அந்த ஊசித்துளை ஓட்டத்தைத் தடுத்து அழுத்தத்தை உண்டாக்கிவிடும், நுரையும் அங்கேதான் பிறக்கிறது. பார்க்கக் கெட்டியாக இருக்கும், ஆனால் கரண்டியால் ஒரு சுற்று கலக்கினால் மேலே பெரிய பெரிய குமிழியாக உடைந்து காணாமல் போகும். சாதா பாஸ்கெட்டில் அந்தத் தடை கிடையாது, தண்ணீரை எதிர்த்து நிற்க வேண்டியது தூள் மட்டும்தான். கடையில் அரைத்து வாங்கிய ஃபில்டர் காபித் தூளை அதில் போட்டால் பத்து நொடிக்குள் சளசளவென்று மொத்தமும் இறங்கி, பழுப்புத் தண்ணீர்தான் மிஞ்சும். சிக்கரி கலந்த தூளாக இருந்தால் வேறு கூத்து. சிக்கரி ஈரத்தில் பிசுபிசுத்து, சில நேரம் வழியையே அடைத்துவிடும்.

அதனால் கிரைண்டர் இல்லாமல் சாதா பாஸ்கெட்டோ அடியில்லாத போர்ட்டாஃபில்டரோ வாங்குவது வீண். கிரைண்டர் வாங்கிவிட்டு பழைய அழுத்த பாஸ்கெட்டிலேயே ஓட்டினால்கூட காபி மேம்படும், புதுத் தூளின் வாசனை ஒன்றே போதும். மாற்றிச் செய்தால் எதுவும் மேம்படாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் போய் சிக்கரி போட்டு அரைத்து வாங்கிவந்த தூள்தான் எனக்குப் பிடிக்கும் என்பவர் சாதா பாஸ்கெட்டையே தொட வேண்டாம், மெஷினைப் பால் நுரைக்க மட்டும் வைத்துக்கொண்டு டிக்காஷனை எவர்சில்வர் ஃபில்டரில் இறக்குவதே மேல். சில நூறு ரூபாய் ஃபில்டர் அந்தத் தூளுக்கு எந்த மெஷினையும் தோற்கடிக்கும்.

கிரைண்டர் என்றால் கையா, கரண்டா? நம் பக்கத்துக்கு என் ஓட்டு கைக்குத்தான். தூளின் பொடிசைக் கூட்டிக் குறைக்கத் திருகும்போது கிங்ரைண்டர் கே6 ஒரு கிளிக்குக்கு 16 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 16 பங்கு) நகரும், ஒன்ஸீபிரெஸோ ஜே-அல்ட்ரா 8 மைக்ரான். இந்த நுணுக்கம்தான் முக்கியம். டெடிகாவின் இரட்டை பாஸ்கெட்டில் 15 கிராம் போட்டு 30 கிராம் எடுக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள், 25-லிருந்து 30 நொடி இலக்கு. 18 நொடியில் முடிந்துவிட்டது என்றால் இரண்டு கிளிக் பொடிசாக்கினால் பக்கத்தில் வந்துவிடலாம், படிகள் பெரிதாக இருக்கும் டைம்மோர் சி2 மாதிரி கிரைண்டரில் ஒரு கிளிக்கில் தண்ணியாக ஓடும், அடுத்த கிளிக்கில் சொட்டே வராது. அது ஃபில்டருக்கும் பிரெஞ்ச் பிரஸ்ஸுக்கும் நல்ல சாமான், இதற்கு இல்லை. மிக்ஸி? பாதி ரவை, பாதி மாவு. வேண்டாம்.

கரண்ட் கிரைண்டரில் பராட்சா என்கோர் இ.எஸ்.பி., டி.எஃப்.54 இரண்டும் இந்த வேலைக்குப் பொருந்தும், விலை மெஷினைத் தொட்டுவிடும் அல்லது தாண்டிவிடும். நோன்பு திறந்த பிறகு வீட்டில் எட்டுப் பத்துப் பேர் காபி கேட்கிற குடும்பமென்றால் கையால் அரைத்துத் தோள் கழன்றுவிடும், கரண்டுதான் சரி. ஒருவர் இருவர் குடிக்கிற வீட்டுக்கு ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு நிமிடச் சுற்றல் பெரிய விஷயமில்லை. உப்புக்காற்றில் மோட்டார், சுவிட்ச், சர்க்யூட் போர்டு எல்லாம் சீக்கிரம் படுக்கும், கை கிரைண்டரில் படுக்க எதுவும் இல்லை. ஆனால் அதன் பர்களை, அதாவது கொட்டையை அரைக்கும் பற்களை, தண்ணீரில் கழுவவே கூடாது. பிரஷ்ஷால் தட்டிவிட்டு, மூடி இறுக்கமான டப்பாவுக்குள் வையுங்கள். கொட்டையும் அப்படித்தான். ஐப்பசி கார்த்திகை மழையில் திறந்து வைத்த கொட்டை ஈரம் வாங்கி நமநமத்துப்போகும், பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் கருவாடு காய்ந்தால் அந்த வாசமும் வந்து சேரும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கிரைண்டர் வந்த பிறகு போர்ட்டாஃபில்டர் வாங்கலாம், அப்போது அதற்கு வேலை இருக்கும். அடியில்லாததின் பெரிய லாபம் ருசி இல்லை, கண்ணுக்குத் தெரிவது. குனிந்து கீழேயிருந்து பாருங்கள்: பாஸ்கெட் விளிம்பில் கருஞ்சொட்டுகள் எட்டிப் பார்க்கும், மெல்ல நடுவுக்கு நகர்ந்து ஒன்றாகச் சேரும். தூள் ஓரிடத்தில் இளகியிருந்தால் அங்கேயிருந்து நூல் மாதிரி ஒரு பீச்சல் பக்கவாட்டில் கிளம்பி டைல்ஸிலும் கைலியிலும் அடிக்கும். எந்தப் பக்கம் பீச்சுகிறது என்று பார்த்தால் எங்கே சரியாக அமுக்கவில்லை என்று தெரிந்துவிடும். வாங்கும்போது குறுக்களவு 51 மில்லிமீட்டர் என்பதோடு விடாமல் மாட்டுகிற காதுகளையும் எண்ணுங்கள். டெடிகாவுக்கு மூன்று காது வேண்டும், 51 என்று போட்டு இரண்டு காதோடு வருவதும் உண்டு, அது மாட்டாது. அதோடு தூளை அமுக்க ஒரு நல்ல டேம்பர். கூட வரும் பிளாஸ்டிக் கரண்டி டேம்பர் அளவில் சின்னது, ஓரத்தில் தூள் அமுங்காமல் நிற்கும். ஸ்பிரிங் வைத்த டேம்பர் வேண்டுமா என்றால், நேராக அமுக்கத் தெரிந்தவருக்குத் தேவையில்லை. தூள் ஒருமுறை முழுதாக அமுங்கிவிட்டால் மேலே எவ்வளவு பலம் கொடுத்தாலும் வித்தியாசம் இல்லை.

மிச்சம் எல்லாம் வேகமாக. தூளைக் கிளறும் ஊசி பயனுள்ளது, ஆனால் ஒரு கார்க்கில் நாலைந்து மெல்லிய அக்குபங்சர் ஊசி செருகினால் அதே வேலை நடக்கும், துரு பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம். தூள் சிந்தாமல் இருக்க மேலே வைக்கும் வளையம், மலிவு, வாங்கலாம். சுற்றிச் சமப்படுத்தும் லெவலர், அழகு மட்டும்தான். தூளின் மேல் வைக்கும் உலோகச் சல்லடை, 58 மில்லிமீட்டர் ஆழ பாஸ்கெட்டில் சரி, நம் சின்ன பாஸ்கெட்டில் அதற்கு இடம் விட இரண்டு கிராம் தூளைக் குறைக்க வேண்டியிருக்கும். கொட்டைமேல் தண்ணீர் தெளிக்கும் குப்பி வறண்ட ஊர்க்காரர்களுக்கானது, அரைக்கும்போது தூள் மின்னூட்டத்தில் ஒட்டாமல் இருக்க. நம் ஊர் ஈரத்தில் காற்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

பால் காபி ஆட்களுக்கு ஒரு வார்த்தை. டெடிகாவின் நீராவிக் குழாய்மேல் இருக்கும் உறை காற்றைத் தானாக இழுத்துப் பெரிய நுரையாக அடிக்கும், அதைக் கழற்றிவிட்டு ரான்சிலியோ என்ற வேறு கம்பெனியின் குழாய் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு, வாரண்டி போனாலும் பரவாயில்லை என்றால் செய்யலாம். அதற்கு முன் பாலை மாற்றிப் பாருங்கள். 3 சதவீதக் கொழுப்புப் பாக்கெட்டுக்கும் 6 சதவீதத்துக்கும் வாயில் இருக்கும் வித்தியாசம் புதுக் குழாய் கொடுப்பதைவிட அதிகம். டெடிகா ஆர்ட்டே என்ற மாடலில் நல்ல குழாய் பெட்டியிலேயே வருகிறது, இன்னும் மெஷினே வாங்காதவர்கள் அதைப் பார்க்கலாம்.

கரண்ட் விஷயமும் உண்டு. இந்த மெஷின்கள் 1300 வாட்ஸ் பக்கம் இழுக்கும், வீட்டில் ஃபேனுக்கும் லைட்டுக்கும் போட்ட இன்வெர்ட்டரில் மாட்டிப் பரிசோதிக்காதீர்கள். துபாய் மெஷின் நம் ஊர் வோல்டேஜிலேயே ஓடும், பிளக் மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் மெஷினை நேரே சொருகினால் புகைதான்.

கடைசியாக, இதெல்லாம் வாங்குவதற்குப் பதில் காஜியா கிளாசிக் மாதிரி 58 மில்லிமீட்டர் மெஷினுக்கே தாவிவிடலாமா? தண்ணீர் ஏற்பாடு, தராசு, கிரைண்டர் மூன்றும் அடுத்த மெஷினுக்கும் அப்படியே வரும், அதனால் அவற்றில் போட்ட காசு எங்கும் போகாது. 51 மில்லிமீட்டர் போர்ட்டாஃபில்டர், டேம்பர், வளையம், நீராவிக் குழாய் எதுவும் வராது. ஆகவே ஒரு வருடத்துக்குள் தாவுகிற எண்ணம் இருந்தால் முதல் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே 51 சாமான்களை வாங்கிவிட்டவர்கள் மெஷினை விற்கும்போது சேர்த்தே தள்ளிவிடுங்கள், தனியாகப் போட்டால் கேட்க ஆள் கிடைப்பது கஷ்டம்.