பழைய கேசட்டைக் கடையில் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

இன்னும் கை நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 8,500 ரூபாய் போய்விட்டது. பணம் கூடப் பரவாயில்லை, என் பாட்டியின் குரலும் போய்விட்டது.

பாட்டி குடியாத்தம் பக்கம் பிறந்தவர். கல்யாணமாகி கோலார் தங்கவயலுக்கு வந்தார். தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்க, பாட்டி ஒரு கார்னிஷ் துரை, அதாவது இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து வந்த துரை வீட்டில் பிள்ளை பார்த்தார். கார்ன்வாலில் செம்பும் வெள்ளீயமும் படுத்ததும் அந்த ஊர்ச் சுரங்கக்காரர்கள் உலகமெல்லாம் பிழைக்கப் போனார்கள், 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு தங்கவயலுக்கும் வந்தார்கள். அந்த வீட்டுக் கதைகளை 1994-இல் அப்பா நாலு கேசட்டில் பதிந்து வைத்தார். துரைசானி பேஸ்டி என்கிற, மாவுக்குள் கறி வைத்துச் சுடும் அவர்கள் ஊர்ப் பலகாரம் செய்யும்போது ஓரத்தை நம் சோமாசி மாதிரி முறுக்கி மடிப்பது, யாருடையது என்று தெரிய மூலையில் பெயரின் முதல் எழுத்தை மாவிலேயே ஒட்டுவது, எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி அந்த வளைவை வைத்தே சரியான ஆளுக்கு எடுத்து வைப்பது. அப்புறம் ஏர் பிளாஸ்ட். பூமிக்குள் பாறை வெடித்து மேலே அலமாரிப் பீங்கான் கிணுகிணுத்தால், துரைசானியும் பாட்டியும் ஒரே வாசற்படியில் பேசாமல் நிற்பார்களாம், இரண்டு பேர் புருஷனும் கீழே. 2001-இல் சுரங்கத்தையே மூடிவிட்டார்கள். எங்களிடம் மிஞ்சியது இந்த நாலு கேசட்தான்.

பெங்களூரில், பழைய கேசட்டை பென்டிரைவில் ஏற்றித் தரும் கடை. அங்கிருந்தவர் முதல் கேசட்டைப் போட்டார். "அவங்க ஊர்ல ஈயம் தோண்டினாங்களாம்டா, இங்க பொன்னு, எதத் தோண்டினாலும் தூசி நெஞ்சுலதான் போய் உட்காரும்" என்று பாட்டி சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க பாட்டி பேசுற மாதிரியே இருக்கு மேடம், நானே உட்கார்ந்து செய்யறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு உருகி 8,500 ரூபாயையும் முன்பணமாகக் கொடுத்தேன். ரசீது கேட்கவில்லை.

பத்து நாள் என்றார். அப்புறம் மெஷின் ரிப்பேர், அப்புறம் ஆள் ஊருக்குப் போயிருக்கிறார், அப்புறம் போனே எடுக்கவில்லை. நேற்று நேரில் போனேன். கவுன்டரில் ஒரு பையன் பென்டிரைவை நீட்டினான். இரண்டு ஃபைலில் வெறும் இரைச்சல், ஒன்றில் யாரோ வீட்டுக் கல்யாண நாதஸ்வரம், ஒன்றில் மட்டும் பாட்டி, பதினோரு நிமிடம். கேசட் எங்கே என்றால் "கொரியர்ல அனுப்பிட்டோமே மேடம்". எந்த கொரியர், என்ன தேதி? "சார்கிட்ட கேளுங்க." சார் போனில் சொன்னார், "பூஞ்சை பிடிச்ச கேசட் மேடம், அதுல ஒண்ணுமே இல்ல." ஒன்றுமில்லாததற்கா 8,500 ரூபாய் வாங்கினீர்கள்? கேட்டுவிட்டுக் கண் துடைத்தது நீங்கள்தானே!

விரிவாக யோசனை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. எல்லாக் கேசட்டையும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள். எண்ணிக்கை எழுதிய ரசீது வாங்குங்கள். முழுப்பணம் தராதீர்கள்.

இப்படி ஒரு கடையில் கொடுத்து வாங்கியவர்கள் தயவுசெய்து உங்கள் பையை ஒரு முறை பாருங்கள். நீல மையில் 'அம்மா, தங்கவயல்' என்று அப்பா எழுதியிருப்பார், மூன்றாவது கேசட்டின் மூடியில் விரிசல் இருக்கும். அந்த வாசற்படிக் கதை அதில்தான் இருக்கிறது.