பழைய ஹைலக்ஸுக்குப் பெட்ரோல் இன்ஜின்: பட்டர்வொர்த் பட்டறை எப்படி?

2024 ஜூன் 10-ல் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 3.35-க்கு எகிறியது. என் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டியை விற்க மனசு வரவில்லை. அதன் 3எல் ரக டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, ஹாஃப் கட்டில் (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய வண்டி) வந்த 2டிஆர் ரக 2.7 லிட்டர் பெட்ரோல் இன்ஜினை வைக்கப் பட்டர்வொர்த் பட்டறையில் கொடுத்தேன்.

வேலை சுத்தம். டேங்கை இறக்கிக் கழுவி, உள்ளேயே பம்ப் வைத்தார்கள். பெட்ரோல் இன்ஜெக்‌ஷனுக்கு அந்தப் பம்ப் தரும் அழுத்தம் வேண்டும். வயருக்கு வயர் பெயர் எழுதி ஒட்டியிருந்தார் அண்ணன், அதற்கே ஒரு கும்பிடு. கோட்டை விட்டது பிரேக்கில். டீசலில் ஆல்டர்னேட்டருக்குப் பின்னால் இருந்த, காற்றை உறிஞ்சும் வாக்குவம் பம்ப்தான் பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கு உயிர். இப்போது இன்ஜின் காற்றை இழுக்கும் இன்டேக்கிலிருந்து பூஸ்டருக்குக் குழாய் வர வேண்டும். அதைச் சரியாக இறுக்கவில்லை. முதல் நாளே பிரேக் கல் மாதிரி! திரும்பப் போனதும் காசு வாங்காமல் சரி செய்தார்கள்.

மூன்று வாரம் என்றார்கள், இரண்டு மாதம் ஆனது. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதி, புஸ்பாகோம் (வாகனச் சோதனை நிறுவனம்) சோதனை அலைச்சல் நம் தலையில்தான், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பினாங்கின் பாலிக் புலாவ் ஏற்றத்தில் டுரியான் மூட்டையோடு ஏறுகிறது. கியரை மட்டும் கொஞ்சம் சீக்கிரமே இறக்க வேண்டியிருக்கிறது. அந்த டக டக சத்தம் இல்லாததுதான் அம்மாவுக்குக் குறை, நான் வீட்டுக்கு வருவதே தெரியவில்லையாம்.