நீலகிரி பங்களாவில் குளிர்காய எது சரி: திறந்த கணப்பா, இரும்பு அடுப்பா, ஹீட்டரா?

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பழைய பங்களா வாங்குகிறவர்களும் குத்தகைக்கு எடுக்கிறவர்களும் முதலில் மயங்குவது ஹாலில் இருக்கும் ஃபயர்பிளேஸைப் பார்த்துத்தான். டிசம்பர், ஜனவரியில் புல்தரையில் உறைபனி படிகிற ஊரில் அது இயல்புதான். அங்கே குளிர்காய மூன்று வழி உண்டு. இருக்கிற கணப்பிலேயே விறகு போடலாம். அதன் குழிக்குள் கண்ணாடிக் கதவு வைத்த இரும்பு அடுப்பைப் பொருத்தலாம். தீயே வேண்டாம் என்று எண்ணெய் நிரப்பிய மின்சார ஹீட்டர் வாங்கலாம். என் ஓட்டு இரும்பு அடுப்புக்குத்தான். ஆனால் மூன்றிலும் அதிக ஒழுங்கைக் கேட்பதும் அதுதான்.

திறந்த கணப்பின் அழகை யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கணக்குதான் உதைக்கிறது. எரிகிற விறகின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்குதான் அறைக்கு வரும். மிச்சமெல்லாம் புகைபோக்கி வழியாகப் போய்விடும். போகும்போது அறையில் ஏற்கெனவே சூடான காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப, ஜன்னல் இடுக்கு வழியாக வெளிக்குளிர் உள்ளே வரும். கணப்பு முன்னால் உட்கார்ந்தவருக்கு முழங்கால் சுடுவதும் முதுகு விறைப்பதும் இதனால்தான். இதைச் சரிக்கட்ட 1790களிலேயே ரம்ஃபோர்டு பிரபு என்ற விஞ்ஞானி குழியின் ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்த்து, புகை ஏறும் வாயைக் குறுக்கிக் காட்டினார். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் ஊட்டியின் முதல் பங்களாவான ஸ்டோன் ஹவுஸைக் கட்டியது 1820களில். ஆக, உங்கள் பங்களாவில் குழி ஆழமாக, சதுரமாக இருந்தால், அந்த யோசனை கொத்தனார் வரை வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு தொல்லை தீப்பொறி. பங்களாக்களில் பலகைத் தரையும் கம்பளமும் சகஜம். கணப்புக்கு முன்னால் ஒன்றரை அடியாவது கல்லோ ஓடோ பதித்த தரை வேண்டும், கம்பி வலைத் தடுப்பும் வேண்டும்.

இரும்பு அடுப்பில் விறகு பெட்டிக்குள் எரிகிறது. காற்று எவ்வளவு போக வேண்டும் என்பது நம் கையில். நல்ல அடுப்பு வெப்பத்தில் 70 சதவீதம் போல அறைக்குத் தந்துவிடும். விறகும் மிச்சம், பொறியும் தெறிக்காது. சரி, அப்புறம் என்ன தயக்கம்?

தயக்கம் புகைபோக்கியில் இருக்கிறது. திறந்த கணப்பில் புகையோடு ஏராளமான அறைக்காற்றும் கலந்து விறுவிறுவென்று மேலே போகிறது. இரும்பு அடுப்பில் போகும் புகை கொஞ்சம், மெதுவாகப் போகும். ராத்திரி முழுக்கத் தணல் இருக்கட்டும் என்று காற்றுத் துளையை ஏறக்குறைய மூடிவிட்டுப் படுத்தால், விறகு சுடர்விடாமல் புகைந்துகொண்டே கிடக்கும். அகலமான, குளிர்ந்த பழைய செங்கல் புகைபோக்கிக்குள் அந்தப் புகை ஏறி, சுமார் 120 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறியதும் சுவரில் படியும். இதுதான் கிரியோசோட். முதலில் பிரஷ்ஷுக்கு உதிரும் கரித்தூள்; அப்படியே விட்டால் மொறுமொறுவென்று உடையும் கறுப்புச் செதில்; கடைசியில் வார்னிஷ் அடித்த மாதிரி பளபளக்கும் கெட்டிப் பூச்சு. பிரஷ் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். அதில் தீப்பிடித்தால் உள்ளே வெப்பம் 1000 டிகிரியைத் தாண்டும். ரயில் போகிற மாதிரி இரைச்சல் கேட்கும். சுண்ணாம்புக் காரை உதிர்ந்த இடுக்கு ஒன்று இருந்தால் போதும், கூரையின் மர உத்தரம் பக்கத்திலேயே இருக்கிறது.

அதனால், இரும்பு அடுப்பைக் குழிக்குள் தள்ளி, அதன் புகைக்குழாயைப் பழைய புகைபோக்கியின் அடியில் சும்மா நுழைத்துவிட்டு வேலை முடிந்தது என்று போகிறவரை நம்பாதீர்கள். அடுப்பின் தலையிலிருந்து புகைபோக்கியின் உச்சி வரை துருப்பிடிக்காத எஃகுக் குழாய் ஒரே ஓட்டமாக ஏற வேண்டும். பெரும்பாலான வீட்டு அடுப்புகளுக்கு 6 அங்குல விட்டம். குழாய் குறுகலாக இருப்பதால் புகை சூடு ஆறாமல் மேலே போய்விடும். உச்சி, கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடியாவது உயர வேண்டும். சுற்றி 10 அடிக்குள் இருக்கும் கூரை முகட்டைவிட 2 அடி கூடுதலாக இருக்க வேண்டும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்று மெல்லியது, இழுவையும் குறைவு. பார்வைக்கு நன்றாக இருக்காது என்று இதில் அங்குலம் குறைக்கக் கூடாது. இந்தக் குழாய்க்குச் செலவு செய்ய மனமில்லையென்றால் அடுப்பே வேண்டாம்.

விறகில் இரண்டுக்கும் ஒரே சட்டம்: ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே. மலையில் எளிதாகக் கிடைப்பது சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்). எதுவானாலும் பிளந்து, மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில் அடுக்க வேண்டும். ஜனவரியில் பிளந்த விறகு அடுத்த குளிருக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு மழைக்காலம் இருக்கிறது. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரம் ‘தொப்’ என்று அடங்கும். தீயில் போட்டதும் முனையில் நுரைத்துச் சீறினால் அது காயவில்லை. இரும்பு அடுப்பு இதில் நேர்மையானது: கண்ணாடி அடிக்கடி கறுத்தால் விறகு ஈரம், இல்லையென்றால் காற்று போதவில்லை. பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக் எதிலும் கூடாது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைப்பதும் கூடாது.

பற்றவைப்பதற்கு முன் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் புகைபோக்கியின் வாயருகே பிடியுங்கள். புகை மேலே போனால் சரி. அறைக்குள் திரும்பினால் உள்ளே குளிர்காற்று அடைத்து நிற்கிறது. ஒரு செய்தித்தாளைச் சுருட்டி எரித்து வாயைச் சூடாக்கினால் பெரும்பாலும் புகை மேலே ஏறத் தொடங்கிவிடும். அதற்கும் அசையவில்லையென்றால் மேலே பறவைக்கூடு இருக்கலாம். உச்சியில் வலையோடு கூடிய மூடி போட்டால் கூடும் வராது, மழையும் இறங்காது. வருடத்துக்கு ஒரு தடவை, குளிர் தொடங்குமுன், புகைபோக்கியைச் சுத்தம் செய்துவிடுங்கள். நடுவில் படிவு 3 மில்லிமீட்டர் வந்துவிட்டாலும் அடுத்த தீ சுத்தம் செய்த பிறகுதான். சாம்பலை இரும்பு வாளியில் அள்ளி, மூடி போட்டு, வெளியே கல் தரையில் வையுங்கள். ஆறிவிட்டது போலத் தெரியும் சாம்பலுக்குள் கங்கு சில நாள்வரை உயிரோடு கிடக்கும்.

ராத்திரி விஷயத்தில் திறந்த கணப்பு மோசம். சுடர் அடங்கிச் சிவந்த தணலாக இருக்கும்போதுதான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வரும், நிறமில்லை, வாசனையில்லை. சூடு வீணாகிறதே என்று புகைபோக்கியின் டாம்பர் தகட்டை அப்போது மூடுவது உயிருக்கே ஆபத்து. தணல் முழுக்கச் சாம்பலாகும் வரை அது திறந்தே இருக்கட்டும். இரும்பு அடுப்பானாலும் படுக்கையறைப் பக்கம் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். கரி நிரப்பிய கும்முட்டியையோ பார்பெக்யூ அடுப்பையோ அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதை இந்த ஒப்பீட்டிலேயே நான் சேர்க்கவில்லை. மலையூர்களில் தூக்கத்திலேயே ஆட்கள் சாவது அதனால்தான்.

ஹீட்டரைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. 2000 வாட் ஹீட்டர் முழு வேகத்தில் மணிக்கு 2 யூனிட் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்கில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம். புகையில்லை, சாம்பலில்லை, காற்றடித்து மரம் விழுந்து கரண்ட் போனால் சூடும் இல்லை. படுக்கையறைக்கு இதைவிட நல்லது கிடையாது.

சொந்த பங்களா, வருடம் முழுக்கக் குடியிருப்பு என்றால் ஹாலுக்கு எஃகுக் குழாயோடு இரும்பு அடுப்பு, படுக்கையறைக்கு ஹீட்டர். வருடத்தில் நாலைந்து மாலைதான் தீ வேண்டும் என்றால் திறந்த கணப்பே போதும், செலவு மிச்சம். குத்தகை வீடு என்றால் புகைபோக்கியைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள் என்று உரிமையாளரிடம் கேளுங்கள். பதில் இழுத்தால் ஹீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.