“யுனிவர்சல் ஸ்டாண்டு, மேடம்”: 750 ரூபாயில் போன என் சைக்கிள்

சைக்கிளுக்கு சைடு ஸ்டாண்டு மாட்டப் போகிறீர்களா? கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஸ்டாண்டில் என்ன இருக்கிறது, இரண்டு போல்ட்டு முறுக்கினால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஸ்டாண்டு 650 ரூபாய், மாட்டுக்கூலி 100. அந்த 750 ரூபாய் வேலையில் 21,000 ரூபாய்க்கு வாங்கிய சைக்கிளின் ஃபிரேமே போய்விட்டது.

கடையின் பெயரைப் போடப்போவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு நடந்துகொண்டிருக்கிறது. அதோடு, இது ஒரு கடையோடு முடிகிற விஷயமாகவும் எனக்குத் தெரியவில்லை.

நான் ஸ்ரீரங்கத்துக்காரி, வயது நாற்பத்து நாலு. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் ஒரு ஹைபிரிட் சைக்கிள் வாங்கினேன். அலுமினிய ஃபிரேம், 700சி சக்கரம், முன்னும் பின்னும் டிஸ்க் பிரேக், பதினான்கு கிலோ எடை. வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், அதில் ஸ்டாண்டு கிடையாது. இந்த ரக சைக்கிள்கள் நிறைய அப்படித்தான் வருகின்றன. அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஸ்டாண்டு இல்லாம சைக்கிளா? சுவரையும் சேத்து வாங்கிட்டு வரவேண்டியதுதானே” என்றார். ஒரு வாரம் சுவரிலும் மின்கம்பத்திலும் சாய்த்து வைத்துப் பார்த்தேன். பூக்கடை வாசலில் சாய்க்க எதுவும் இல்லை. சரி, ஸ்டாண்டு மாட்டிவிடலாம் என்று திருச்சியில் ஒரு கடைக்குப் போனேன். பெரிய கடை, கண்ணாடி ஷோரூம், பின்னால் சர்வீஸ்.

கடைப் பையன் சைக்கிளைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து ஒரு ஸ்டாண்டை எடுத்து, “யுனிவர்சல், மேடம். எல்லா வண்டிக்கும் செட்டாகும்” என்றான். பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சுக்கு இரண்டு குழாய்கள் போகும், செயின் ஸ்டே என்பார்கள். இது அந்த இரண்டுக்கும் நடுவில், பெடல் அச்சுக்குச் சற்றுப் பின்னால் மாட்டுவது. மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் தடித்த ஒற்றை போல்ட். சாண்ட்விச் மாதிரி குழாய்களைக் கவ்விப் பிடிக்கும்.

அவன் ஸ்பேனரால் முறுக்கினான். ஸ்டாண்டை உதைத்துப் பார்த்தான், லேசாக ஆடியது. உடனே ஸ்பேனர் பிடியில் ஒரு இரும்புக் குழாயைச் சொருகி, முழங்கையை ஊன்றி இன்னொரு முறுக்கு. ‘கிறுக்’ என்று ஒரு சத்தம். கேட்ட நொடியிலேயே எனக்குச் சொரேல் என்றது. “தம்பி, என்ன சத்தம் அது?” என்றேன். “பெயிண்ட் செட்டாகுது மேடம்.” பெயிண்ட் செட்டாவதாம். இருபது வருஷமாக வங்கி கவுண்டரில் உட்கார்ந்து விதவிதமான கதைகளைக் கேட்டவள் நான். இதை மட்டும் நம்பினேன்.

மறுநாளே ஸ்டாண்டு திரும்பிக்கொண்டது. ஸ்டாண்டின் காலை மடக்கிவிட்டு ஓட்டினாலும் இடது பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் அதில் ‘டங்’ என்று இடித்தது. மறுபடி கடை, மறுபடி அதே இரும்புக் குழாய், இன்னும் கொஞ்சம் முறுக்கு.

மூன்றாம் நாள் கியர் மக்கர் செய்தது. லீவரை அழுத்தினால் சின்னப் பல்லுக்கு இறங்காது. இரண்டு மூன்று சுற்று கழித்து, நாம் மறந்திருக்கும் நேரம் பார்த்துக் குதிக்கும். காவிரிப் பாலத்தில் பின்னால் பஸ் வரும்போது அப்படிக் குதித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் முறையாகப் போனேன். “கேபிள் வீக்கா இருக்கு மேடம், மாத்தி டியூனிங் பண்ணிரலாம்.” அதற்கு 450. வாங்கி ஒரு மாதம் ஆகாத சைக்கிளின் கேபிள் எப்படி வீக்காகும் என்று கேட்டதற்கு வந்த பதில்: “அதெல்லாம் டெக்னிக்கல் மேடம், உங்களுக்குப் புரியாது.”

புதுக் கேபிளிலும் நான்கே நாளில் அதே தொல்லை.

அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு இளநீர் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரே காற்று, சைக்கிள் வலது பக்கமாகப் போய் விழுந்தது. ஸ்டாண்டு இருப்பது இடது பக்கம். இது ஏன் வலதுபுறம் விழ வேண்டும்? அப்போது விளங்கவில்லை. தூக்கி நிறுத்தினால், பின்னால் கியர் மாற்றும் டீரெய்லர் ஸ்போக்ஸ் பக்கமாக வளைந்திருந்தது.

தள்ளிக்கொண்டே திரும்பும் வழியில் ஒரு சின்ன பஞ்சர் கடை. அங்கே ஒரு பாய் உட்கார்ந்திருந்தார். டயருக்குக் காற்று அடிப்பது மட்டும்தான் அவர் வேலை என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டார். ஸ்டாண்டைப் பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “ஏம்மா, இத யாரு மாட்டுனது?” கடையைச் சொன்னேன். வேறு எதுவும் பேசாமல் போல்ட்டைக் கழற்றினார்.

தகடு இறங்கியதும் மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, என் கையைப் பிடித்து விரலை அந்த இடத்தில் வைத்தார். உருண்டையாக இருக்க வேண்டிய குழாய் அங்கே மட்டும் சப்பையாக இருந்தது. இரண்டு பக்கமும் கட்டைவிரல் பதிகிற அளவுக்குப் பள்ளம். வலது பள்ளத்தின் ஓரத்தில் பெயிண்ட் மயிரிழை போல வெடித்திருந்தது. நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது. அந்த ‘கிறுக்’ சத்தம் இதுதான்.

அடுத்து கேபிளைக் காட்டினார். என் சைக்கிளில் பின் கியர் கம்பி பெடல் அச்சுக்கு அடியில் சுற்றி, வலது செயின் ஸ்டேயின் அடிப்பக்கமாக மூடாத கம்பியாகவே போகிறது. கீழ்த்தகடு அதன் மேலேயே உட்கார்ந்து கம்பியைக் குழாயோடு நசுக்கியிருக்கிறது. அமுங்கிய கம்பி எப்படி நகரும்? 450 ரூபாய் வாங்கிக்கொண்டு புதுக் கேபிளையும் அதே தகடுக்கு அடியில் விட்டு முறுக்கியிருந்தார்கள். ஸ்டாண்டைக் கழற்றாமல் அந்தக் கேபிளைச் சரியாகப் போடவே முடியாது. அதாவது, கழற்றியவன் கண்ணில் அந்தப் பள்ளம் கட்டாயம் பட்டிருக்கும். எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் இதுதான்.

வலது பக்கம் விழுந்ததற்கும் பாய் காரணம் சொன்னார். இது நீளத்தைக் கூட்டிக் குறைக்கிற ஸ்டாண்டு. அதை நீட்டி விட்டபடியே மாட்டியிருக்கிறான். கால் நீளமாக இருந்தால் சைக்கிள் இடப்பக்கம் சாயாமல் ஏறக்குறைய நேராக நிற்கும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் வலது பக்கம் தள்ள ஒரு விரல் போதும். பாய் ஒரு விரலால் தள்ளியே காட்டினார். பின்னால் நின்று பார்த்தால் சைக்கிள் இடப்பக்கம் பத்துப் பதினைந்து டிகிரியாவது சாய்ந்திருக்க வேண்டும். கால் குட்டையானாலும் வம்புதான். சைக்கிள் அதிகமாகப் படுத்து, ஹேண்டில் திரும்பி, முன்சக்கரம் உருண்டு விழும். நீளம் மாற்ற முடியாத ஸ்டாண்டு வாங்கினால், நீங்கள் வழக்கமாகக் கேரியரில் வைக்கும் சுமையோடு நிறுத்திப் பார்த்து, ஹேக்சாவால் அரை சென்டிமீட்டர் அரை சென்டிமீட்டராக அறுக்க வேண்டும். ஒரேயடியாக அறுத்துவிட்டால் ஒட்டவைக்க முடியாது.

இதையெல்லாம் சொல்லி முடித்து, கடைசியில்தான் குண்டைப் போட்டார். பின்சக்கர அச்சுக்குச் சற்று முன்னால், இடது செயின் ஸ்டேயின் அடியில் இரண்டு சின்னக் கறுப்புத் திருகுகள். ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன். “இது எதுக்குன்னு நெனச்சீங்க? ஸ்டாண்டுக்குத்தாம்மா.” ஸ்கேல் வைத்துப் பார்த்தோம், துளைகளுக்கு நடுவே 18 மில்லிமீட்டர். கம்பெனியே ஸ்டாண்டு மாட்ட மரை போட்டுக் கொடுத்த இடம். கே.எஸ்.ஏ. 18 என்று ஒரு அளவு இருக்கிறது, 40 மில்லிமீட்டர் இடைவெளியில் கே.எஸ்.ஏ. 40 என்று இன்னொன்றும் இருக்கிறது. அதற்கென்றே விற்கும் ஸ்டாண்டை வாங்கி, இரண்டு எம்6 (6 மில்லிமீட்டர்) போல்ட்டை ஆலன் கீயால், அதாவது அறுகோணச் சாவியால், முறுக்கினால் முடிந்தது. எந்தக் குழாயையும் கவ்வ வேண்டாம், நசுக்க வேண்டாம், ஸ்டாண்டு இடம் மாறித் திரும்பிக்கொள்ளவும் செய்யாது.

எனவே கடையில் யார் ஸ்பேனரை எடுத்தாலும், முதலில் உங்கள் சைக்கிளைக் கவிழ்த்துப் பாருங்கள். அந்த இரண்டு துளைகள் இருந்தால் அதற்கான ஸ்டாண்டுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நில்லுங்கள். கடைக்காரரிடம் இல்லையென்றால் வெளியே வந்துவிடலாம். போல்ட் கையாலேயே ஆறேழு சுற்று ஏற வேண்டும். அதற்கு மேல்தான் ஆலன் கீ. போல்ட் நீளமாகி மறுபக்கம் எட்டிப் பார்த்தால் ஸ்போக்கிலோ டிஸ்க்கிலோ உரசும், சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கவனியுங்கள். ஸ்டாண்டை மடக்கியும் இறக்கியும் இரண்டு நிலையிலும் டிஸ்க், பெடல், உங்கள் குதிகால் எதுவும் படக்கூடாது. ஒரு வாரம் ஓட்டிவிட்டு போல்ட்டை மறுபடி சரிபாருங்கள்.

துளை இல்லாத சைக்கிளாக இருந்தால்? பழைய மாதிரி இரும்பு ஃபிரேம்களில் பெடல் அச்சுக்குப் பின்னால் இரண்டு குழாய்களுக்கும் நடுவே துளையோடு ஒரு தகடு பற்றவைத்திருப்பார்கள். அது இருந்தால் நடுவில் மாட்டும் ஸ்டாண்டு தாராளமாகப் போடலாம், அந்த ஸ்டாண்டு வந்ததே அதற்காகத்தான். தகடும் இல்லை, ஃபிரேமும் அலுமினியம் என்றால் கவ்வும் ரகத்தை நான் இனி தொடமாட்டேன். சுவரே மேல். கார்பன் ஃபிரேம் வைத்திருப்பவர்கள் கடையில் ஸ்டாண்டு என்ற சொல்லையே எடுக்காதீர்கள். அப்புறம், குழந்தை இருக்கை மாட்டியிருப்பவர்கள்: எந்த சைடு ஸ்டாண்டை நம்பியும் குழந்தையை உட்காரவைத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டாம். பதினான்கு கிலோவுக்கே ஆடிக் காற்று அந்தப் பாடு படுத்துகிறது.

இனி கடை விவகாரம். நான்காம் முறை போனபோது முதலாளியே வந்தார். “நீங்க கீழ போட்டுட்டு எங்களச் சொன்னா எப்படி மேடம்?” என்றார். பில் கேட்டேன். அப்போதுதான் எனக்கே உறைத்தது, மூன்று முறையும் கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த துண்டுச்சீட்டு. அடியில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’. ஃபிரேமுக்கு வாரண்டி இருக்கிறதே என்று சைக்கிள் கம்பெனிக்குப் புகைப்படம் அனுப்பினேன். வெளியிலிருந்து கவ்வும் பொருள் மாட்டியதால் வந்த சேதம், வாரண்டியில் வராது என்று பதில். அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை.

பில் கொடுக்க மறுப்பதே 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் அதிலேயே வருகிறது, சீட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன், தேசிய நுகர்வோர் உதவி எண் அது. கடையிலிருந்து அழைப்பு வந்தது. 650 ரூபாயை யு.பி.ஐ.யில் திருப்பி அனுப்பினார்கள். கூலி 100, கேபிள் 450, ஃபிரேம் எதற்கும் வாய் திறக்கவில்லை. அதனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இணையம் வழியாக மனு போட்டிருக்கிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் இல்லாவிட்டாலும் என்னிடம் யு.பி.ஐ. பதிவுகள் தேதியோடு இருந்தன, ஸ்டாண்டைக் கழற்றும்போது பாய் எடுக்கச் சொன்ன புகைப்படங்களும் இருந்தன. பில் கேட்காமல் வந்தது என் தப்பு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

அந்த மயிரிழை வெடிப்பு ஒரு மாதத்தில் நீண்டுவிட்டது. இனி ஓட்டாதீர்கள் என்று பாய் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் நிற்கிறது. இப்போது காலையில் உத்திர வீதியைச் சுற்றுவது அப்பாவின் கறுப்பு சைக்கிளில். இருபது கிலோவுக்குக் குறையாது, பிரேக் பிடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். நிறுத்த வேண்டுமென்றால் பின்சக்கரத்து ஸ்டாண்டைக் காலால் மிதித்துப் பின்னால் ஒரு இழு. சக்கரம் தரையை விட்டு மேலே ஏறி நிற்கும், எந்தக் காற்றுக்கும் அசையவில்லை. அப்பா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார், ஒன்றும் சொல்லமாட்டார்.

மனு அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. என்ன ஆனது என்று வந்து எழுதுகிறேன்.