மானுக்கு விதைப்பதா, மரத்தைக் கழிப்பதா?

சொந்த நிலத்தில் வெண்வால் மான் (வட அமெரிக்கக் காட்டு மான்) தங்க வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள் முதலில் கேட்பது, "என்ன விதை போடலாம்?" என்றுதான். நிலத்தில் பெரும்பகுதி அடர்ந்த மரக்காடாக இருந்தால், விதைக்கு முன் ரம்பத்துக்குச் செலவு செய்து, வேண்டாத மரங்களை வெட்டிக் கழியுங்கள் என்பேன்.

மான் மேய்வதற்காக விதைத்து வளர்க்கும் தீவனத் திடலை மட்டமாகச் சொல்லவில்லை. க்ளோவர் என்ற தீவனச் செடி நன்றாகப் பிடித்துவிட்டால் சில வருஷம் நிற்கும், புரதமும் அதிகம். மான் வந்து மேய்வதைக் கண்ணால் பார்க்கலாம். அதன் கவர்ச்சியே அதுதான். ஆனால் மண் பரிசோதனை, அமிலம் மிகுந்த மண்ணுக்குச் சுண்ணாம்பு, உரம், களை என்று செலவு தொடரும். மழை பொய்த்தால் போட்டதெல்லாம் போச்சு. மான் அதிகமுள்ள இடத்தில் சின்னத் திடல் முளைவிடும்போதே காலியாகிவிடும்.

மரம் கழிப்பதில் விஷயம் வேறு. மான் மாட்டைப் போல வெறும் புல்லில் வயிறு நிரப்பாது. சிறுசெடி, கொழுந்து, இளங்குச்சி என்று பொறுக்கித் தின்னும். அதன் வாய் எட்டுவது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வரைதான். அதற்கு மேல் எவ்வளவு தழை இருந்தும் பயனில்லை. உதவாத மரங்களை எடுத்தால் வெயில் தரையில் விழும். அடுத்த பருவத்திலேயே செடிகள் கிளம்பும், வெட்டிய கட்டைகளும் துளிர்க்கும். தீனியோடு குட்டி படுக்க மறைவும் கிடைக்கும். நன்றாகக் காய்க்கும் ஓக் மரத்தைத் தொடாதீர்கள், அதன் கொட்டையும் மானுக்குத் தீனிதான்; அதை நெருக்கும் மரங்களை மட்டும் எடுங்கள். எது காய்க்கிறது என்று சில வருஷம் கவனித்த பிறகே கை வையுங்கள். ஒரே வருஷக் காய்ப்பை நம்ப முடியாது.

குறையும் உண்டு. சில வருஷத்தில் தழை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். திரும்ப வெட்ட வேண்டும், இல்லையென்றால் அனுமதி வாங்கி, பழகிய ஆட்களை வைத்து அளவாகத் தீ வைக்க வேண்டும். வெயில் பட்டதும் அந்நியப் புதர்கள் முந்திக்கொள்வதும் உண்டு. மரத்தைப் பாதி அறுத்து உயிரோடு சாய்க்கும் முறை கேட்க நன்றாக இருக்கும். தண்டு பிளந்து அறுப்பவர் மேலேயே பாயலாம், புதியவர்களுக்கு வேண்டாம்.

தானியத் தொட்டி வைப்பதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. ஒரே இடத்தில் மான்கள் வாய் வைத்தால் சிடபிள்யூடி (Chronic Wasting Disease) என்ற, மானைக் கொல்லும் மூளை நோய் பரவ வழியாகும். அதற்குக் காரணமான பிரையான் என்ற உருக்குலைந்த புரதம் மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். தழை தின்று பழகிய வயிற்றில் திடீரென நிறைய தானியம் போனால் அமிலம் ஏறி மான் சாகவும் கூடும்.

சரி, திடல் வேண்டவே வேண்டாமா? மரம் இழுத்த பாதையும் கட்டைகளை அடுக்கிய வெற்றிடமும் எப்படியும் திறந்துதான் கிடக்கும். க்ளோவரை அங்கே தூவலாம்.

எதைச் செய்தாலும் ஒரு ஓரத்தில் மான் வாய் வைக்க முடியாதபடி சின்னக் கம்பிக்கூண்டு நட்டு, உள்ளே வளர்வதை வெளியே உள்ளதோடு ஒப்பிடுங்கள். வெளியே குச்சி நுனிகளைப் பாருங்கள்: மானுக்கு மேல்வாயில் முன்பற்கள் கிடையாது, அதனால் கடித்த இடம் பிய்த்ததுபோல இருக்கும், முயல் கடித்தது கத்தியால் சீவியதுபோல இருக்கும். கூண்டுக்குள் செழிப்பாகவும் வெளியே மொட்டையாகவும் இருந்தால் மான் எண்ணிக்கைதான் அதிகம். அந்த நிலையில் ரம்பமும் விதையும் பிறகு. சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு வேட்டையில் பெண்மான்களைக் குறைப்பதுதான் முதல் வேலை.