மாறுகண் அறுவை: ஊசி ஒரு பக்கம், முடிச்சு ஒரு பக்கம்

வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு ஊர் வந்த கையோடு மாறுகண் அறுவையை முடித்துவிட்டுப் போகலாம் என்று வருகிறவர்களுக்கு இது. அறுவையில் குறை இல்லை. எரிச்சல் மயக்க மருந்தில்தான். சர்ஜன் அட்ஜஸ்டபிள் தையல், அதாவது பிறகு நகர்த்திச் சரிசெய்யக்கூடிய தையல் போடுகிறார். மயக்க மருத்துவர் அதே கண்ணைச் சுற்றி பியூபிவகெய்ன் என்ற மரக்கவைக்கும் ஊசி போட்டிருக்கிறார். மாலையில் முடிச்சைச் சரிசெய்ய வந்தால் கண் அசையவே இல்லை!

இந்தத் தையலில் தசை இறுக்கிக் கட்டப்படுவதில்லை. 6-0 விக்ரில் என்ற, தானே கரையும் மெல்லிய நூலில் தொங்குகிறது. நூலைச் சுற்றி ஒரு நழுவு முடிச்சு. முடிச்சை வெண்விழியிலிருந்து விலக்கி, அந்தத் தசை இழுக்கும் பக்கம் பார்க்கச் சொன்னால் தசை பின்வாங்கும். நூலை இழுத்து முடிச்சைக் கீழே தள்ளினால் முன்னே வரும். எவ்வளவு நகர்த்துவது என்பதை நோயாளி விழித்திருந்து, தன் கண்ணாடியைப் போட்டு, 6 மீட்டரிலும் 33 சென்டிமீட்டரிலும் பார்க்கும்போது பிரிசம் (முப்பட்டகக் கண்ணாடி) வைத்து அளக்க வேண்டும். மரத்த தசையை அளந்தால் அளவே பொய். லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்தின் வேகம் சீக்கிரம் இறங்கும். பியூபிவகெய்ன் பல மணி நேரம் பிடித்து வைக்கும்.

புரோபோஃபால் என்ற மருந்தை நரம்பில் ஏற்றி முழு மயக்கம் என்றால் இந்தச் சிக்கல் இல்லை, ஆனால் இந்த அறுவைக்குப் பிறகு வாந்தி வரலாம். அதைத் தடுக்க ஆன்டன்செட்ரானும் டெக்சாமெத்தசோனும் முன்கூட்டியே போக வேண்டும். கண்ணை மரக்கவைக்கும் வெறும் சொட்டு மருந்தில் செய்தால் மேசையிலேயே சரிசெய்துவிடலாம். தசையை இழுக்கும்போது வலிக்கும். எந்த முறையானாலும் அப்படி இழுக்கையில் நாடித்துடிப்பு சட்டென்று இறங்கக்கூடும். முதலில் இழுப்பை விட வேண்டும், துடிப்பை ஏற்றும் அட்ரோபின் பிறகுதான். முடிச்சைச் சரிசெய்யும்போதும் சிலருக்குத் தலை சுற்றும். படுக்க வைத்தே செய்வது நல்லது.

வெளிநாட்டில் கத்தி வைக்குமுன் எல்லோரும் நின்று, என்ன செய்யப்போகிறோம் என்று ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் தந்த அறுவைச் சரிபார்ப்புப் பட்டியலே அதற்குத்தான். இங்கே சர்ஜனும் மயக்க மருத்துவரும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும். ஆனால் சர்ஜனே கட்டிலருகே உட்கார்ந்து, கண்ணை மாற்றி மாற்றி மூடிப் பார்த்து, “இரண்டாகத் தெரிகிறதா?” என்று பொறுமையாகக் கேட்பதெல்லாம் அங்கே எளிதில் கிடைக்காது.

கையெழுத்துப் போடுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: என்ன ஊசி, முடிச்சு எத்தனை மணிக்கு? பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். தாமதித்தால் தசை ஒட்டிக்கொள்ளும், நகர்த்துவது கடினம். மூக்குக்கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போங்கள்.