கிரஷரில் ஏழு வருசமாக 400, 450, 500 தகடு

காரணம்பேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு ஜல்லி கிரஷர் ஓட்டுகிறேன். கல்லும் மணலும் உரசும் இடங்களில் போடும் கடினமான தேய்மானத் தகடு வாங்க ஆரம்பித்து ஏழு வருசம் ஆகிறது. இன்றைக்கும் யார் போன் போட்டாலும் முதல் கேள்வி இதுதான்: "ஏனுங்ணா, 500 போட்டுட்டா பிரச்சினையே இல்லீங்களா?"

தகட்டின் பெயரில் வரும் 400, 450, 500 என்ற அந்த எண் பிரினெல் கடினத்தன்மை. 10 மில்லி கார்பைடு குண்டை 3000 கிலோ பாரத்தில் தகட்டின் மேல் அழுத்தி, விழுந்த குழியின் விட்டத்தை அளப்பார்கள். குழி சின்னதானால் தகடு கடினம். சாதா எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகட்டில் குழி 5 மில்லியைத் தாண்டும். 400-ல் சுமார் 3.05 மில்லி, 500-ல் 2.75. அதுவும் ஒரே எண் கிடையாது, ஒரு வரம்பு. ஹார்டாக்ஸ் என்ற பிராண்டுத் தகட்டில் 450 என்றால் 425 முதல் 475 வரை. 500 என்றால் 470 முதல் 530 வரை. ஆக, நல்ல 450-ம் சுமாரான 500-ம் பக்கத்துப் பக்கத்து வீடு.

எம்-சாண்ட் வழுக்கி இறங்கும் சரிவுத் தொட்டியில் (chute) 10 மில்லி எம்.எஸ். நாலு மாசத்தில் ஓட்டை விழுந்தது. 400 போட்டதும் ஒரு வருசத்துக்கு மேல் நின்றது. 500 இன்னும் கூட. அங்கே மணல் வழுக்கிக்கொண்டு அரம் மாதிரி ராவுகிறது, அதனால் எண் கூடினால் லாபம்தான்.

அதே ஆசையில் பாறை விழும் ஹாப்பரிலும் 20 மில்லி 500-ஐ வைத்தேன். மூன்றாம் நாள் வெல்டிங் ஓரமாகவே முடி மாதிரி ஒரு கீறல். தகட்டைக் குறை சொல்ல முடியாது. ஐப்பசி மழை, ஈரமேறிய ராடு, சூடேற்றாமல் வைத்த வெல்டிங் எல்லாம் எங்கள் கைங்கரியம். இப்போது அங்கே 450-தான். 7018 என்ற வெல்டிங் ராடை அடுப்பில் காயவைத்து எடுக்காமல் வெல்டர் ஹோல்டரையே தொடமாட்டார்.

என்னை ரொம்ப ஏமாற்றியது வேறு. உள்பக்கம் பதிக்கும் லைனருக்காக 500 தகட்டை நாலு அங்குலப் பட்டைகளாகக் கேஸ் கட்டிங்கில் போட்டோம். இரண்டு ஓரமும் மயில் கழுத்து நீலம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இந்தத் தகட்டுக்கு 250 டிகிரியைத் தாண்டினாலே கடினம் குறைய ஆரம்பிக்கும், நீலமோ அதையும் தாண்டிய சூட்டின் அடையாளம். பட்டை ஒடுக்கம் என்பதால் சூடு நடுவரைக்கும் போய்விட்டது. மேல்தோலை அரைத்துவிட்டு கடினம் அளக்கும் மீட்டர் வைத்தால் நடுவிலேயே 400-க்குக் கீழே! 500-க்குக் காசு கொடுத்து, எங்கள் கையாலேயே அதைக் குறைத்துக்கொண்டோம். இப்போது சின்னத் துண்டென்றால் தண்ணீருக்குள் வைத்து வெட்டும் பிளாஸ்மாவுக்கு அனுப்பிவிடுகிறேன். கூலி கூடத்தான், என்ன செய்ய.

சர்டிபிகேட் இல்லாத "400 மாதிரியேதானுங்க" சரக்கும் ஒரு தடவை வாங்கினேன். அரம் வைத்து ராவியதும் சாதா இரும்பு மாதிரித் தூள் தூளாக உதிர்ந்தது. அதைக் கோழிப் பண்ணைக் கேட்டுக்கு அடித்துவிட்டோம்.

முழுத் தகடு வந்தால் எந்த உருக்கில் வார்த்தது என்று காட்டும் ஹீட் நம்பர் குத்தின மூலையைச் சாக்பீஸால் வட்டம் போட்டு, எதிர் முனையிலிருந்துதான் வெட்டச் சொல்கிறேன். கடைசித் துண்டு தீரும்வரை சர்டிபிகேட்டோடு ஒத்துப் பார்க்க அந்த ஒரு மூலை வேண்டும்.